சத்தம் வருகிறது, சொல் விளங்கவில்லை

கல்முனைக் கடைத்தெருவில் மின்சாரப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றன் வாயிலில் சென்ற மாதம் நாம் சிறிது நேரம் நின்றோம். உள்ளே பாதிச் சுவரை மறைத்துக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் ஏதோ ஓர் ஆங்கிலப் படம். மோட்டார் வண்டிகள் ஒன்றோடொன்று மோதி வெடித்துக்கொண்டிருந்தன. அவ்வெடியோசை செவியைவிட நெஞ்செலும்பையே மிகுதியாகத் தாக்கியது. தொலைக்காட்சியின் அடியில் கிடந்த இரண்டு முழ நீளக் கரிய பெட்டியையும், மூலையிலே தரையில் குந்தியிருந்த மற்றொரு பெட்டியையும் சுட்டி, "இது சவுண்ட் பார், அது வயர்லெஸ் சப்வூபர். ரெண்டும் சேர்ந்தாத்தான் தியேட்டர்" என்றார் கடைக்காரத் தம்பி. பக்கத்தில் நின்ற குடும்பத் தலைவர் ஒருவர் விலையை மட்டும் விசாரித்துக்கொண்டு போனார். அவர் விசாரியாது விட்டவற்றை இவ்வாரம் நாம் விசாரிக்கலாம் என்று எண்ணுகிறோம்.

முதற்கண், தொலைக்காட்சிக்கு இப்படியொரு துணைக்கருவி ஏன் வேண்டியதாயிற்று? இலங்கையில் 1979 இல் சுயாதீன தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்துப் பெட்டிகள் முதுகு பருத்தவை. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் நம் நாட்டு அணி உலகக் கிண்ணத்தை வென்றதை நம்மிற் பலர் பார்த்ததும் அத்தகைய பெட்டிகளிலேதான். படத்தில் குறை இருந்தாலும் அவற்றின் ஒலிபெருக்கிகளுக்கு இடம் இருந்தது. பெரும்பாலும் அவை பார்ப்போரை நோக்கியோ பக்கவாட்டிலோ அமைந்திருந்தன. இக்காலத்துப் பெட்டியோ தட்டையாகிச் சுவரிலே தொங்குகிறது. அதன் ஒலிபெருக்கிகள் சிறுத்து, கீழ்நோக்கியோ பின்சுவரை நோக்கியோ பேசுகின்றன. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் கதை சொன்னால் எவ்வளவு விளங்குமோ அவ்வளவே விளங்கும். படம் தெளிந்த அளவுக்குப் பேச்சு கலங்கிவிட்டது.

இக்கலக்கம் ஒரு வீட்டில் என்ன செய்தது என்பதைச் சொல்கிறோம். கல்முனைப் பகுதியில் வாழும் நண்பர் ஒருவர், இக்கரையோரத்து முஸ்லிம் குடும்பங்களின் வழக்கப்படி, மனைவியின் வீட்டில் இருப்பவர். பெண்மக்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கமாதலால், ஒரே வளவில் ராத்தாவின் வீடும் தங்கையின் வீடும் நாலைந்து முழ இடைவெளியில் நிற்கின்றன. நண்பரின் மாமனார் ஓய்வுபெற்ற ஆசிரியர். இலங்கை வானொலியின் செய்தி கேட்டு நாளைத் தொடங்கிய தலைமுறையினர். இரவுச் செய்திக்கு வீட்டார் எல்லோரும் கூடும்போது அவரும் முன்னாலே வந்து அமர்வார். சில காலமாக, பத்து நிமிடம் இருந்துவிட்டு, "நீங்க பாருங்க, நான் விறாந்தையில இருக்கிறன்" என்று எழுந்து போகத் தொடங்கினார். வயதின் அலுப்பு என்றே எல்லோரும் எண்ணினர்.

ஒருநாள் நண்பர் ஒலியை மிக உயர்த்தி வைத்து, "மாமா, இப்ப கேட்குதா?" என்று வினவினார்.

"சத்தம் வருது மகன். சொல்லுறதுதான் விளங்குதில்ல" என்றார் பெரியவர்.

இந்த விடையை அன்று நண்பர் கவனித்ததாகத் தெரியவில்லை. சத்தம் போதவில்லை என்றே கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை சப்வூபரோடு கூடிய சவுண்ட் பார் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். கடையில் கேட்ட அதே வெடியோசை வீட்டிலும் கேட்டது. பிள்ளைகள் கைகொட்டினர். மாமனார் முன்போலவே விறாந்தைக்குப் போனார். மூன்றாம் நாள் இரவு அடுத்த வீட்டிலிருந்து மைத்துனியின் மகன் ஓடிவந்து, "பெரியவாப்பா, தங்கச்சி எழும்பி அழுறா, உம்மா கொஞ்சம் குறைக்கட்டாம்" என்றான். பிறந்து நாற்பது நாளும் ஆகாத குழந்தை. ஒருவருக்காக வாங்கிய பொருள் அவருக்கும் உதவாமல், ஒன்றும் அறியாத சிசுவின் உறக்கத்தையும் கெடுத்தது எவ்வாறு?

இதற்கு விடை பெரியவர் சொன்ன அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. சத்தம் வேறு, சொல் வேறு. செம்மையான இளஞ்செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரையான மீடிறன்களைக் கேட்கும். மனிதப் பேச்சில் உயிரெழுத்துகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த மீடிறன்களில் நிற்கிறது. க, ச, ட, த முதலிய மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியச் செய்யும் நுண்கூறுகளோ 1000 முதல் 4000 ஹேட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் மிகுதியாக உள்ளன. முதுமையில் முதலில் மங்குவது இந்த உயர்ந்த மீடிறன்களைக் கேட்கும் திறன்தான். ஆகவே செய்தி வாசிப்பவர் 'படை' என்றது கடையோ, தடையோ, வடையோ என்று பெரியவர் தடுமாறுகிறார். ஒலியை மொத்தமாக உயர்த்தினால் உயிரோசை உரத்துக் கேட்கும். மெய் மறைந்தவாறே இருக்கும். இனி, சப்வூபர் என்பது என்ன? ஏறக்குறைய 120 ஹேட்ஸுக்குக் கீழ்ப்பட்ட முழக்கத்துக்கென்றே அமைந்த பெட்டி. இடி, பறை, வெடி எல்லாம் அதற்கு உரியவை. சொல்லை விளக்குவதில் அதற்குப் பங்கு இல்லை என்றே கூறிவிடலாம்.

ஒலியைக் கணக்கிட்டு ஆராய்வது இக்கரைக்குப் புதிதன்று. சாய்ந்தமருதுக்குத் தெற்கே அடுத்தாற்போலுள்ள காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், பண்டைத் தமிழர் யாழின் நரம்புகளையும் சுருதிகளையும் கணித வழியே ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947 இல் வெளியாயிற்று. பௌதிகவியல் பயிலும் மாணாக்கர் தம் பங்குக்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் செல்கிறது. வேகத்தை மீடிறனால் வகுத்தால் அலைநீளம். 2000 ஹேட்ஸ் ஒலிக்கு அது 17.5 சென்ரிமீற்றர்; ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. 50 ஹேட்ஸ் முழக்கத்துக்கு அது 7 மீற்றர். நம் வீடுகளின் கூடத்தைவிட நீளம். சாண் அளவு அலையைக் கதவும் திரையும் பெருமளவு தடுத்துவிடும். ஏழு மீற்றர் அலை யன்னலையும், கூரைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட திறப்பையும், செங்கற் சுவரையுங்கூட அதிகம் பொருட்படுத்துவதில்லை. தங்கை வீட்டில் எட்டிய ஒலியில் பேச்சும் பாட்டும் இல்லை, 'தும் தும்' என்ற அதிர்வு மட்டுமே என்று மைத்துனி சொன்னது முற்றும் உண்மை. போதாக்குறைக்கு நண்பர் அப்பெட்டியை அறை மூலையில், அதுவும் தங்கை வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி, வைத்திருந்தார். மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி இன்னும் பெருகும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையில் எழுந்த மாடி வீட்டுத் திட்டங்களில் வாழ்வோர் இதனை இருமடங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கே ஒருவர் தரை மற்றவர்க்குக் கூரையன்றோ!

அப்படியாயின் சவுண்ட் பாரே வேண்டாவோ எனின், அவ்வாறு சொல்ல மாட்டோம். பேச்சை நம் முகத்தை நோக்கி அனுப்புவதே அதன் மெய்யான பயன். வாங்குவோர் 2.1, 3.1, 5.1 என்று பெட்டியின்மேல் எழுதியிருக்கும் எண்களைப் பார்க்கட்டும். புள்ளிக்குப் பின்னுள்ள 1 சப்வூபரைக் குறிக்கும். முன்னுள்ளது ஏனைய ஒலி வழிகளின் தொகை. இரண்டு என்றால் இடமும் வலமும். மூன்று என்றால் நடுவிலும் ஒன்று உண்டு. திரைப்படங்களில் உரையாடலைப் பெரும்பாலும் இந்த நடுவழியிலேயே பதிவு செய்கிறார்கள். ஆதலால் சொல் விளங்க வேண்டுமென்போர்க்கு 2.1 ஐ விட 3.1 சிறந்தது. அத்துடன், பேச்சைத் தனியே எடுப்பாக்கும் அமைப்பும், வெடியை அடக்கி மெல்லிய குரலை உயர்த்தும் இரவு அமைப்பும் உள்ளனவா என்று கேட்க வேண்டும். கடையில் சண்டைப் படத்தைப் போட்டுக் காட்டினால், அதை நிறுத்தச் சொல்லித் தமிழ்ச் செய்தியைத் தாழ்ந்த ஒலியில் வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சற்று வாடலாம், பாதகமில்லை. பெட்டியில் அச்சிட்ட 'வாட்' எண்ணைக் கண்டு மயங்க வேண்டா. அது பெரும்பாலும் கணநேர உச்சத்தைக் குறிப்பது. மேலும், ஆற்றல் இருமடங்கானால் ஒலி உயர்வது 3 டெசிபெல் மட்டுமே. செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும்.

வயர்லெஸ் என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. ஒலிச் செய்தி கம்பியின்றிப் போகுமே தவிர, சப்வூபருக்கு மின்சாரக் கம்பி வேண்டும். கூடத்துக்கு ஒரே செருகி உள்ள பழைய வீடுகளில் இது சிறு தலையிடியன்று. தொலைக்காட்சியோடு சவுண்ட் பாரை இணைக்க எச்.டி.எம்.ஐ. துளைகளுள் ஏ.ஆர்.சி. என்று குறித்த ஒன்று இருக்கிறதா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்க. இந்த ஏற்பாடு 2009 இல் வந்தது. அதற்கு முற்பட்ட தொலைக்காட்சியானால் ஒளிநார் வடத்தால் இணைக்கலாம். புளூடூத்திலும் இணைக்கலாம், ஆயின் உதடு அசைந்தபின் சொல் வந்து சேருவதுண்டு. செவி மங்கியவர்கள் தம்மையறியாமல் உதட்டையும் பார்த்தே பேச்சை உணர்கிறவர்கள். அவர்களுக்கு இந்தத் தாமதம் பெருந்தீங்கு. சவுண்ட் பார் உயரமாயிருந்து தொலைக்காட்சியின் றிமோட் கண்ணை மறைத்துவிடாமலும் பார்க்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் வாங்கி அனுப்பும் கருவிகள் நம் வீடுகளில் மிகுதி. கட்டாரிலும் துபாயிலும் வாங்கியவை நம் 230 வோல்ட் மின்சாரத்துக்குப் பொதுவாக ஒத்துப்போகும். சவூதியில் முன்பு 127 வோல்ட்டும் வழக்கிலிருந்ததால், பழைய கருவியானால் பின்புறத்து எழுத்தைப் படியாமல் செருகக் கூடாது. உத்தரவாதம் கடல் கடந்து வருவது அரிது என்பதும் நினைவிருக்கட்டும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்த நாள்களில், மின்சாரம் போனதும் செருகியைக் கழற்றி வைக்கப் பலர் பழகினர். இடி மின்னல் மாதங்களில் அப்பழக்கம் இன்னும் நல்லது. உப்புக் காற்றுக்குச் செருகிகளில் களிம்பு ஏறும். இடையிடையே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

காசு செலவின்றிச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புது வீடுகளின் கூடங்களில் தரையெல்லாம் மாபிள், சுவரெல்லாம் வெறுமை. சொல் ஒவ்வொன்றும் பலமுறை எதிரொலித்து அடுத்த சொல்லின்மேல் விழுகிறது. தடித்த திரைச்சீலை, தரை விரிப்பு, மெத்தையிட்ட நாற்காலி ஆகியவை அந்த எதிரொலியை உறிஞ்சும். மருதமுனைக் கைத்தறிக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருக்கிறது. மெல்லிய சாறன் துணி போதாது, கனத்த நெசவாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நண்பர் வீட்டுக்கு மறுபடியும் சென்றோம். சப்வூபரின் செருகியைக் கழற்றிவிட்டு, சவுண்ட் பாரைப் பெரியவரின் முகத்துக்கு நேரே வைத்து, பேச்சு அமைப்பில் திருப்பி, தொலைக்காட்சியின் சொந்த ஒலியை நிறுத்தினோம். சத்தம் முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. செய்தி தொடங்கியது. பெரியவர் எழுந்து போகவில்லை. நடுவே, "அது அமைச்சர் சொன்னதா, செயலாளர் சொன்னதா?" என்று திருத்தம் கேட்டார், ஆசிரியரல்லவா. எல்லாச் சொல்லும் விளங்கியதாகச் சொல்ல முடியாது. காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் செவியைச் சோதிக்க அழைத்துப் போகுமாறு நண்பரிடம் சொன்னோம். பார்த்தபோது இடச் செவியில் குறை மிகுதி என்று தெரிந்து, இப்பொழுது கேட்கும் கருவிக்கு அளவெடுத்திருக்கிறார்கள்.

சப்வூபர் மூலையை விட்டுச் சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி வைக்கப்பட்டுள்ளது. அதன்மேல் மாமி ஒரு விரிப்பிட்டிருக்கிறார். இலங்கை அணி விளையாடும் நாள்களில் மட்டும் அதற்கு மின்சாரம் உண்டு. அதுவும் பகல் ஆட்டமாயிருந்து, அடுத்த வீட்டுக் குழந்தை விழித்திருந்தால்தான்.