பச்சைப் புல்லுக்கு அடியில்



மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வீட்டைச் சுற்றி மண் தெரியும் நிலம் வைத்திருப்போர் இன்று மிகச் சிலரே. பழைய தனி வீடுகள் பலவும் அடுக்குமாடிகளாகிவிட்டன. ஆகவே, முற்றம் எஞ்சியிருக்கும் வீட்டார் அதில் ஒரு பசும்புல் தரை அமைக்க ஆசைப்படுவதில் வியப்பில்லை. அழகை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. சுவனத்தையே அல்லாஹ் தோட்டங்களாகவும் அவற்றின் கீழே ஓடும் ஆறுகளாகவும் நமக்கு அறிமுகப்படுத்துகின்றான்.

எனினும், தோட்டம் போட ஆள் அமர்த்துவதும் ஒரு கொடுக்கல் வாங்கல். தொழுகைக்கும் நோன்புக்கும் சட்டங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நாம், கூலிக்கு ஆள் அமர்த்தும்போது எந்தச் சட்டத்தையும் கேட்பதில்லை. இதனை நமக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியுடன், பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறோம்.

அடையாற்றில் ஒரு முற்றம்

அடையாற்றில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, மகளின் நிக்காஹ் விருந்தை வீட்டு முற்றத்திலேயே வைக்க எண்ணி, 500 சதுர அடியில் புல்தரை போட ஒரு ஒப்பந்தக்காரரை அமர்த்தியது. பேசிய தொகை 30 ஆயிரம் ரூபாய். பாதி முன்பணம். எழுத்தில் எதுவும் இல்லை. தொலைபேசியில் பேசியதோடு சரி. மூன்று தொழிலாளர்கள் வந்து மூன்று நாளில் வேலையை முடித்தார்கள். விருந்து நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் புல்லைப் புகழ்ந்தார்கள்.

மூன்றாம் வாரம் புல் திட்டுத் திட்டாக மஞ்சளாயிற்று. சித்திரை வெயிலில் பாதிக்கு மேல் காய்ந்துபோயிற்று. வீட்டுக்காரர் நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "ஹஜ்ரத், மீதித் தொகையைக் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார். "குறை யாருடையது என்று தெளிவாகும் வரை நிறுத்திவையுங்கள்" என்று சொன்னோம். சட்டப்படி அந்தப் பதிலில் பிழையில்லை என்றே அப்போது எண்ணினோம்.

பத்து நாள் கழித்து, அஸர் தொழுகைக்குப் பின் அந்த வீட்டுக்குச் சென்றிருந்தோம். வாசலில் அந்த மூன்று தொழிலாளர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். "புல்லு காஞ்சதுக்கு நாங்க என்ன பாய் பண்ண முடியும்? எங்க ரெண்டு நாள் கூலிய மட்டும் குடுக்கச் சொல்லுங்க. ஊருக்குப் போகணும்" என்றார் அவர்களில் மூத்தவர். வீட்டுக்காரர் கொடுத்தால்தான் தாம் கொடுக்க முடியும் என்று ஒப்பந்தக்காரர் அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். வீட்டுக்காரரோ நம்முடைய சொல்லைக் காட்டித் தொகையை நிறுத்தியிருக்கிறார்.

அந்த நொடியில் நம் தவறு நமக்குப் புரிந்தது. பணம் யாருக்கு நிலுவை என்று கேட்டோம். அந்தப் பணத்தை எதிர்பார்த்து யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அதனை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிற நாமே, அத்தகைய தாமதம் ஒன்றுக்குக் காரணமாகிவிட்டோம்.

குவியலுக்குள் ஒரு கை

ஒப்பந்தக்காரரையும் வரவழைத்தோம். "சரியாகத் தண்ணீர் விடவில்லை" என்றார் அவர். "காலை மாலை இரு வேளையும் விட்டோம்" என்றார் வீட்டம்மா. இருவர் சொன்னதிலும் பொய் தெரியவில்லை. அப்போது நமக்கு மதீனாவின் கடைத்தெரு நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டுப் பார்த்தபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டது. நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டும், வாங்குபவர் பார்த்திருப்பாரே என்று வியாபாரியைக் கண்டித்தார்கள். முஸ்லிம் நூலில் பதிவான செய்தி இது.

காய்ந்த புல்லில் ஒரு துண்டைப் பெயர்த்துக் காட்டச் சொன்னோம். இரண்டு விரற்கடை செம்மண். அதற்குக் கீழே சிமெண்ட் கட்டிகளும் உடைந்த டைல்ஸ் துண்டுகளும் கிடந்தன. பழைய வீட்டைப் புதுப்பித்தபோது சேர்ந்த கழிவு அது. அதனை அகற்றாமல் மேலே மண் பரப்பிப் புல்லை விரித்துவிட்டார்கள். வேர் இறங்க இடமே இல்லை.

அடுத்து, பாய்ச்சிய தண்ணீரைக் கொஞ்சம் வாயில் விட்டுப் பார்த்தோம். உப்பு. கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரை மிகுதியாக உறிஞ்சுவதால் உவர்நீர் உள்ளே வருவது நாம் அறிந்ததே. வீட்டார் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் பாய்ச்சியிருக்கிறார்கள். எந்தத் தண்ணீர் என்று ஒப்பந்தக்காரர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஆக, குறை இரு பக்கமும் இருந்தது. பச்சைப் போர்வை அதனை மூன்று வாரம் மறைத்து வைத்திருந்தது.

ஆளை அமர்த்துமுன்

கூலிக்கு ஆள் அமர்த்துவதை ஃபிக்ஹு நூல்கள் 'இஜாரா' என்னும் தலைப்பில் பேசுகின்றன. வேலை என்ன என்பதும் கூலி எவ்வளவு என்பதும் இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 'நல்லா போட்டுக் குடுங்க, பாத்துப் பண்ணலாம்' என்பது ஒப்பந்தம் ஆகாது. பின்னால் வரும் சண்டைக்கு அங்கேயே விதை போடுகிறோம்.

அல்கஸஸ் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்கு அமர்ந்த வரலாறு வருகிறது. அவரைச் சிபாரிசு செய்த பெண்மணி இரண்டு தகுதிகளைக் கூறுகிறார்: வலிமை, நம்பகம். அமர்த்தியவரும் எட்டு ஆண்டு என்று காலத்தைச் சொல்லி, பத்தாக நிறைவு செய்தால் அது உங்கள் விருப்பம் என்று தெளிவுபடுத்திவிட்டார். தோட்டக்காரரைத் தேடும்போது நாம் பார்க்க வேண்டியவையும் இவையே. வேலை தெரிந்தவரா? சொல்லில் நிற்பவரா? அவர் ஓராண்டுக்கு முன் போட்ட புல்தரை ஒன்றை நேரில் சென்று பாருங்கள். நேற்றுப் போட்ட தரை எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

பேசியதை எழுதிக்கொள்ளுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதிவைப்பதைப் பற்றியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். புல்தரை ஒப்பந்தத்தில் இவையாவது இருக்கட்டும்:

எத்தனை சதுர அடி. எந்த வகைப் புல். நெருக்கமாக வளரும் கொரியன் புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும். மாமரத்தடி நிழலில் அது நிலைக்காது. அங்கே அகன்ற இலையுள்ள எருமைப் புல் ஓரளவு தாங்கும்.

கழிவுகளை அகற்றுவது யார். எவ்வளவு ஆழம் கொத்துவது. அரையடியாவது கொத்திக் கிளறி, செம்மண்ணும் மணலும் மக்கிய தொழு உரமும் கலந்து, மழைநீர் சுவர்ப் பக்கம் தேங்காதபடி சரிவு கொடுத்த பிறகே புல்லை விரிக்க வேண்டும். கொண்டுவரும் மண்ணில் கோரைக் கிழங்கு இருந்தால் ஆயுளுக்கும் களை பறிக்க வேண்டியதுதான்.

எந்தத் தண்ணீர் பாய்ச்சப்படும். புல் காய்ந்தால் எத்தனை நாள் வரை யார் பொறுப்பு. புதுப் புல் வேர் பிடிக்க இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை ஈரம் காயக் கூடாது, நடமாட்டமும் கூடாது. விருந்துக்கு ஒரு வாரம் முன்பு போட்ட புல்லின்மேல் நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் எப்படி?

மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிவிடுங்கள். 2003இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட அக்குழிகளைப் புல் போடும் ஆர்வத்தில் மண்ணிட்டு மூடிவிடுகிறார்கள்.

கடைசியாக, தொழிலாளர்களின் கூலி. அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், நமக்குக் கடமையில்லை என்று சட்டம் பேசலாம். ஆனால், வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். வியர்வை சிந்தியது நம் முற்றத்தில். அன்றாடக் கூலியை அன்றன்றே கொடுத்துவிட வேண்டும், அது நம் கண்முன் நடக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரரிடம் முன்பே நிபந்தனை பேசிவிடுங்கள். வெயில் நேரத்தில் நிழலும் குடிநீரும் கொடுப்பதை நிபந்தனையில் எழுதத் தேவையில்லை.

ஒரு முத்து நீர்

இனி, தண்ணீர். சீராக வெட்டப்பட்ட பெரும்புல் தரை என்பது குளிர்ந்த, அடிக்கடி தூறும் இங்கிலாந்தின் செல்வர் மாளிகைகளிலிருந்து நமக்கு வந்த பழக்கம். 1830இல் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் எந்திரத்தை உருவாக்கிய பிறகு, அது அங்கே நடுத்தர வீடுகளுக்கும் பரவியது. சென்னையின் மழையிலோ பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று கொண்டால், 500 சதுர அடிக்கு ஏறத்தாழ 230 லிட்டர் வேண்டும். மாநகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதே நம் நாட்டின் குடிநீர்த் திட்டங்களில் கொள்ளப்படும் அளவு. அதாவது, அந்த முற்றம் ஒன்றரை மனிதருக்கு மேல் குடிக்கிறது.

2019ஆம் ஆண்டை நாம் மறந்துவிடலாகாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. குடங்களுடன் தெருவில் காத்திருந்த நம் தாய்மார்களை அவ்வளவு விரைவில் மறந்துவிட்டு, லாரித் தண்ணீர் வாங்கிப் புல்லுக்கு ஊற்றுவது நமக்குத் தகுமா? தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் அனைவருக்கும் பங்குண்டு என்று நபிமொழி கூறுகிறது. அம்மூன்றில் இரண்டு இந்த ஒரு முற்றத்திலேயே சந்திக்கின்றன.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூச் செய்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு அது. முக்கால் லிட்டரைத் தாண்டாது. நம் மதரஸாவில் குழாயின் கீழே வாளியை வைத்து மாணவர்களை உளூச் செய்யச் சொன்னோம். ஒருவருக்கே ஐந்து லிட்டர் போயிற்று. ஐவர் உள்ள வீட்டில் ஐவேளைக்கும் சேர்த்தால் 125 லிட்டர். உளூச் செய்த நீரால் மறுபடி உளூச் செய்ய முடியாதே தவிர, அது அசுத்தமானதன்று. சோப்பும் கலப்பதில்லை. அதனைச் செடிக்கும் புல்லுக்கும் தாராளமாகத் திருப்பிவிடலாம்.

"ஸுன்னத்தான அளவில் உளூச் செய்தால் புல்லுக்கு ஒன்றும் மிஞ்சாதே, ஹஜ்ரத்" என்றான் ஒரு மாணவன். உண்மைதான். புல்லைச் சாக்கிட்டுக் குழாயைத் திறந்துவிடக் கூடாது. மிஞ்சும் நீருக்கு ஏற்றபடி புல்லின் அளவைக் குறைத்துக்கொள்வதே முறை.

முடிவு

அந்த வீட்டின் வழக்கு இவ்வாறு தீர்ந்தது. ஒப்பந்தக்காரரின் சம்மதத்துடன், நிறுத்திவைத்த தொகையிலிருந்து மூன்று தொழிலாளர்களின் கூலியும் அன்று மாலையே அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. அதன் பிறகே மற்றதைப் பேசினோம். கழிவுகளைத் தம் செலவில் அகற்றித் தருவதாக ஒப்பந்தக்காரர் ஏற்றார். புதுப் புல்லின் விலையில் பாதியை வீட்டார் ஏற்றனர். இம்முறை எல்லாம் எழுதப்பட்டது. கோடையில் வேண்டாம் என்று காத்திருந்து, ஆடி மழைக்குப் பின் வேலை நடந்தது.

புல் இப்போது 200 சதுர அடிதான். உளூ நீர் ஒரு குழாய் வழியாக அங்கே செல்கிறது. மீதி இடத்தில் எலுமிச்சை, கறிவேப்பிலை, மருதாணி, முருங்கை. முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பது நட்டவருக்குத் தர்மமாகும் என்ற நற்செய்தி புல்லைவிட முருங்கைக்கே அதிகம் பொருந்தும். அண்டை வீட்டாரும் கீரை பறித்துச் செல்கிறார்கள்.

முற்றம் இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவும் தியாகராய நகரில் பனகல் பூங்காவும் இருக்கின்றன. முற்றம் இருப்பவர்கள் மறுமையில் அதற்கும் கணக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு பச்சையாக இருந்தது என்று அங்கே கேட்கமாட்டார்கள். அதற்கு அடியில் என்ன இருந்தது, யாருடைய கூலி இருந்தது, யாருடைய பங்கு நீர் இருந்தது என்று கேட்கப்படலாம்.

நம் கொடுக்கல் வாங்கல்களை அல்லாஹ் தூய்மையாக்குவானாக! உழைப்பவரின் உரிமையை உரிய நேரத்தில் கொடுத்துவிடும் நல்வாய்ப்பை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.