இலவசமாய் வந்த தறிக்குப் பாவு பிணைப்பது யார்?

திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் கோயிலில் சங்கீத மண்டபத்தைக் கட்டியவர் இருகப்பர். விஜயநகர அமைச்சர். ஆண்டு 1387. அறுநூறு வருஷம் தாண்டியும் பெயர் நிற்கிறது. பல்லவர் காலத்தில் தொடங்கிய கோயில், சோழர் காலத்தில் வளர்ந்தது, விஜயநகர காலத்தில் மண்டபம் எழுந்தது என்று வரிசையாகச் சொல்ல அங்கே கல்வெட்டுகள் உண்டு. அந்த மண்டபத்து விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகளை ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஓவியத்தின் மேல் மழைநீர் ஒழுகாமல் தலைமுறை தலைமுறையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டவர் யார்? கேட்டால் பதில் கிடையாது. கட்டினவனுக்குக் கல்வெட்டு, காத்தவனுக்குக் கும்பிடு கூட இல்லை.

மென்பொருளிலும் இதே கதைதான் நடக்கிறது. அதிலும் "இலவசம்" என்று பெயர் ஒட்டிய மென்பொருளில் இன்னும் மோசம்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தைப் பற்றித்தான் பேச்சு. 1986-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கி வைத்த ஆராய்ச்சி. 1996-ல் இன்றைய பெயர் வந்தது. யாருக்கும் சொந்தமில்லை என்பதுதான் இதன் விசேஷம். மைஎஸ்கியூஎல்லை 2008-ல் சன் நிறுவனம் வாங்கியது, 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது, கூடவே மைஎஸ்கியூஎல்லும் போனது. போஸ்ட்கிரெஸை அப்படி வாங்க முடியாது, ஏனென்றால் விற்பதற்கு ஆள் இல்லை. சென்னையில் விற்பனையாகும் மென்பொருளுக்குள் இருக்கிறது, பெங்களூர் பங்கு வர்த்தக நிறுவனத்தில் இருக்கிறது, அரசு அலுவலகங்களில் இருக்கிறது. பணம் கேட்பதில்லை. கேட்காததால் எவரும் கொடுப்பதும் இல்லை.

வணிகவியல் படிக்கும் எவருக்கும் இந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று உடனே தெரிய வேண்டும். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் என்றால் கணக்கியல் தரநிலை 26-ன்படி அருவச் சொத்தாக ஏட்டில் ஏறும், ஆண்டுதோறும் அதன் விலையில் ஒரு பகுதி செலவாகக் கழியும், அது தீர்ந்தால் என்ன செய்வது என்று ஒரு கேள்வியும் வரும். விலையே இல்லாமல் வந்தது ஏட்டில் ஏறாது. ஏட்டில் இல்லாததற்குத் தேய்மானம் கிடையாது, பழுதுபார்க்கும் செலவுக்கு ஒரு தலைப்பும் கிடையாது. முதலாளி கண்ணுக்கு அது காற்று மாதிரி. கம்பெனியே அதன் மேல்தான் ஓடுகிறது, ஆனால் ஐந்தொகையில் அது பூஜ்யம்!

"பூஜ்யம்தானே, மிச்சம்தானே" என்பவர்கள் காஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு தறிக்காரரைக் கேட்கட்டும். தறி சும்மா கிடைத்துவிட்டால் புடவை சும்மா கிடைத்துவிடுமா? ஒரு பாவு தீர்ந்தால் அடுத்த பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். புடவையில் அந்த வேலை கண்ணுக்கே தெரியாது. செய்யாவிட்டால் புடவையே கிடையாது.

போஸ்ட்கிரெஸின் மூல நிரலில் நடப்பதும் முக்கால்வாசி இந்தப் பிணைக்கிற வேலைதான். அதில் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி அழிவதில்லை. புதிய பிரதி ஒன்று எழுதப்படும், பழையது செத்த வரியாகக் கிடக்கும். தறிக்குழியில் நூல் கழிவு சேர்வது போலச் சேரும். இதைக் கூட்டிப் பெருக்கத்தான் வேக்யூம் என்ற ஏற்பாடு. பெருக்காமல் விட்டால்? பரிவர்த்தனை எண் 32 பிட்டுக்குள் அடங்கியது. சுமார் 200 கோடிப் பரிவர்த்தனைக்குள் பழைய வரிகளைச் சீராக்கியாக வேண்டும், இல்லையென்றால் தரவைக் காப்பாற்றுவதற்காகத் தரவுத்தளம் எழுதுவதையே நிறுத்திக்கொள்ளும். 2019 பிப்ரவரியில் மாண்ட்ரில் என்ற மின்னஞ்சல் சேவை இப்படித்தான் முடங்கியது. அவர்கள் ஒன்றும் கற்றுக்குட்டிகள் அல்ல.

இந்த நிரலில் இந்தியக் கையும் இருக்கிறது. 2008-ல் வந்த 8.3 பதிப்பில் ஹாட் என்று ஒரு மாற்றம் சேர்ந்தது. அதற்கு முன் ஒரு வரியில் எந்தக் கட்டத்தைத் திருத்தினாலும், அந்த அட்டவணையின் எல்லாச் சுட்டிகளிலும் புதுப் பதிவு போட வேண்டியிருந்தது. சுட்டியில் உள்ள கட்டம் மாறாமலும் புதிய பிரதிக்கு அதே பக்கத்தில் இடமும் இருந்தால் அந்த வெட்டி வேலை வேண்டாம் என்று செய்ததுதான் ஹாட். அதில் முக்கியப் பங்கு பவன் தேவுலசி என்ற இந்தியருடையது. 2018-ல் நிரலில் நேரடியாகச் சேர்க்கும் உரிமை பெற்றவர்களில் அமித் கபிலாவும் ஒருவர். ஒரு கேள்வியைப் பல செயலிகளுக்குப் பங்கிட்டு வேலை வாங்கும் வசதியில் அவர் உழைப்பு பெரியது. ஆக, இங்கிருந்து முடியாது என்பது சுத்தப் பொய். முடிகிறது. செய்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள் என்பதுதான் பிரச்சினை.

சரி, தமிழுக்கு வரலாம். இங்கேதான் வெட்கப்பட வேண்டிய கணக்கு இருக்கிறது.

அதே 8.3 காலத்தில், தமிழ் வலைப்பதிவுகள் பொங்கி வழிந்த நாட்களில், தன்னார்வலர்கள் போஸ்ட்கிரெஸின் சில பகுதிகளுக்கான செய்திகளைத் தமிழாக்கிக் கொடுத்தார்கள். தரவுத்தளம் "இந்தக் கோப்பைத் திறக்க இயலவில்லை" என்று தமிழில் சொன்னது! மூல நிரலுக்குள்ளேயே டிஏ.பிஓ என்ற கோப்பாக அது உட்கார்ந்திருந்தது. இன்று தேடினால் கிடைக்காது. யாரும் தமிழுக்கு எதிராகச் சதி செய்யவில்லை. ஒவ்வொரு ஆண்டும் புதிய பதிப்பு வரும், செய்திகள் மாறும், கூடும். ஏறத்தாழ 80 சதவீதம் மொழிபெயர்ப்பு இல்லாத கோப்பைச் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். நியாயமான வழக்கம்தான், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாய் வந்தால் யாருக்கு லாபம்? பிரெஞ்சுக்காரர் திருத்திக்கொண்டே இருந்தார், ஜப்பானியர் திருத்திக்கொண்டே இருந்தார். தமிழ்க் கோப்புகளை எவரும் தொடவில்லை. ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. முதலில் செய்தவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். அவர்கள் செய்ததைப் பெருமையாகப் பேசிவிட்டு, அடுத்த வருஷம் பத்து வரியைத் திருத்தக்கூட ஆள் வராத கூட்டத்தைத்தான் கேட்க வேண்டும்.

அகர வரிசை விவகாரம் இதைவிட வேடிக்கை. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் எண் வரிசை அரிச்சுவடி வரிசை அல்ல. "ந"வுக்கு அடுத்து "ன", "ர"வுக்கு அடுத்து "ற", "வ"வுக்கு முன்னாலேயே "ழ". புள்ளியோ கால், கொம்பு எல்லாவற்றுக்கும் பின்னால். ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை வெறும் எண் வரிசையில் அடுக்கினால் என்ன ஆகும்? கலாவுக்கு முன்னால் கற்பகம் வந்து நிற்பார். அமலா முன்னால், அம்சா பின்னால். அகராதி பழகிய குமாஸ்தா தேடுகிற பக்கத்தில் பெயர் இருக்காது, "உங்க பேரு லிஸ்ட்ல இல்லம்மா" என்று சொல்லிவிடுவார்.

இந்தக் குறையைச் சொல்லிச் சொல்லியே தமிழுலகம் பல ஆண்டுகள் சண்டை போட்டது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது: யூனிகோடும் தரம், டேஸ் 16 என்ற இன்னொரு குறியாக்கமும் தரம். ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுத்தால் வரிசை தானாக அமையும் என்பது அதன் வாதம். வாதத்தில் பிழை இல்லை. ஆனால் வரிசைப்படுத்துவது குறியாக்கத்தின் வேலை என்று யார் சொன்னது? அது ஒரு அட்டவணையின் வேலை. தமிழ் வரிசையைச் சரியாகச் சொல்லும் ஒப்பீட்டு அட்டவணை உலகத் தரத்திலேயே உண்டு. அதை நிரல்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். தரவுத்தளத்தில் சேர்த்தது யார்? 2017-ல் வந்த பதிப்பு 10-ல் ஐசியூ என்ற நூலகத்தைப் பீட்டர் ஐசன்ட்ராட் இணைத்தார். எல்லா மொழிக்கும் சேர்த்துச் செய்த வேலையில் தமிழும் கரையேறியது. அவர் தமிழக அரசாணையைப் படித்துவிட்டா செய்தார்? மாநாட்டில் மேடை, மாலை, மலர். நிரலுக்குள் ஒரு வரி இல்லை.

வரிசை என்றால் வெறும் அழகு விஷயம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 2018-ல் லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் 2.28 பதிப்பில் தன் ஒப்பீட்டு அட்டவணையை மாற்றியது. பழைய வரிசையில் கட்டிய சுட்டி, புதிய வரிசையில் தேடல். விளைவு, அட்டவணையில் இருக்கும் பெயரே "இல்லை" என்று வரக்கூடும். தனித்துவ விதியையும் மீறி ஒரே பெயர் இரண்டு முறை ஏறக்கூடும். இயங்குதளத்தை மேம்படுத்தியவர் சுட்டிகளை மறுபடி கட்டினால் தப்பிக்கலாம். கட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தால்.

பிறகு 2019-ல் பதிப்பு 12. தமிழ்ச் சொற்களின் விகுதியை வெட்டி அடிச்சொல்லைக் கண்டுபிடிக்கும் ஸ்னோபால் வழிமுறை அதில் சேர்ந்தது. "தறியை", "தறியில்", "தறிகள்" எல்லாம் தறியைத் தேடினால் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். தமிழோடு அரபி, இந்தோனேசியம், ஐரிஷ், லிதுவேனியம், நேபாளியும் வந்தன. தேடலில் ஒதுக்க வேண்டிய "ஒரு", "என்று", "அந்த" மாதிரிச் சொற்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும். வரிக்கு ஒரு சொல், சாதாரண உரைக் கோப்பு. நேபாளிக்கு அந்தப் பட்டியல் கூடவே வந்தது. தமிழுக்கு வரவில்லை. எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழி, செம்மொழி, மூத்த மொழி... ஒரு உரைக் கோப்புக்கு வழியில்லை!

"சம்பளம் இல்லாமல் ஏன் உழைக்க வேண்டும்? அமெரிக்கக் கம்பெனிக்காரன் சம்பாதிக்க இவன் இலவசமாய் எழுத வேண்டுமா?" என்பது வகுப்பறைகளில் அடிக்கடி கேட்கும் எதிர்வாதம். பாதி உண்மை. போஸ்ட்கிரெஸில் தொடர்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு எழுதுபவர்கள்தான், அவர்களை அந்த வேலைக்கென்றே நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அப்படியானால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். இங்கே இதன்மேல் கடை விரித்துச் சம்பாதிக்கும் நிறுவனங்கள் ஏன் ஒரே ஒரு ஆளை இந்த வேலைக்கு வைக்கவில்லை? ஜெரோதா 2024 அக்டோபரில் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்று கட்டற்ற மென்பொருளுக்கு நிதி அறிவித்தது. ஜெர்மன் அரசு 2022-ல் பராமரிப்புக்கென்றே சாவரின் டெக் ஃபண்டைத் தொடங்கியது. இந்திய அரசும் 2015-ல் திறமூல மென்பொருளை ஏற்கும் கொள்கை வெளியிட்டது. ஏற்கும் கொள்கை! எடுத்துக்கொள்ளும் கை நீண்டது, கொடுக்கும் கைக்குப் பட்ஜெட் தலைப்பு எங்கே?

இன்னொரு கூட்டம் நேர் எதிர். பங்களிக்கிறேன் என்று சொல்லிக் குப்பை கொட்டுவது. 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நடந்தபோது ஒரு டி-சர்ட்டுக்காக ஆயிரக்கணக்கானோர் பிறர் நிரல்களில் "அருமையான புராஜெக்ட்" என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினார்கள். இந்திய மாணவர்களும் அதில் தாராளமாக இருந்தார்கள். பராமரிப்பவர் தலையில் அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மூடினார். போஸ்ட்கிரெஸில் இந்தப் பருப்பு வேகாது. திருத்தத்தை அஞ்சல் குழுவுக்கு அனுப்ப வேண்டும், எல்லோரும் பார்க்கக் கேள்வி கேட்பார்கள், நாலு முறை திருப்பி அனுப்புவார்கள். தன் திருத்தம் ஒன்றைக் கொண்டுவருபவர் அடுத்தவர் திருத்தம் ஒன்றையும் படித்துப் பார்க்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மொய் முறைதான், வேறென்ன.

அந்தப் படித்துப் பார்க்கிற பழக்கத்தின் மதிப்பு என்ன என்று 2024 மார்ச்சில் உலகம் பார்த்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், தன் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்தார். தோண்டினார். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் யாரோ திட்டமிட்டுப் புகுத்திய பின்கதவு அகப்பட்டது. உலகச் சர்வர்களில் பாதிக்குள் நுழைய வழி செய்திருக்கும். எக்ஸ்இசட்டை அதுவரை பராமரித்தவர் சோர்ந்துபோன ஒற்றை ஆள், அந்தச் சோர்வைப் பயன்படுத்தித்தான் அந்த மர்ம ஆசாமி உள்ளே வந்தான். இலவசமாய்க் கிடைத்த பொருளின் பராமரிப்புச் செலவு பூஜ்யம் என்று எழுதியவர்களின் ஏடு இதற்கு எந்தப் பக்கத்தில் இடம் வைத்திருக்கிறது, பற்றா வரவா?

வணிகவியல் மாணவர்களுக்குச் சி மொழி தெரியாதே என்று தப்பிக்கவும் வழியில்லை. விடுபட்ட செய்திக் கோப்புகளைப் புதுப்பிக்கத் தமிழும் ஆங்கிலமும் போதும். ஒதுக்கு சொல் பட்டியலுக்குத் தமிழ் மட்டும் போதும். ஐசியூ வரிசையில் ஆயிரம் ஊர்ப்பெயரைக் கொடுத்து, அகராதி வரிசையோடு ஒப்பிட்டு, தவறினால் எங்கே தவறியது என்று எழுதி அனுப்பத் தணிக்கை படித்த கண் போதும். வவுச்சரைச் சரிபார்க்கிற அதே வேலை. திருத்தங்களைப் பரிசீலிக்கும் கமிட்ஃபெஸ்ட் ஆண்டுக்கு ஐந்து முறை நடக்கிறது: ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச். செமஸ்டர் பரீட்சை எல்லா மாதத்திலுமா வருகிறது?