கைப்பேசியில் உள்ள இரகசியம் யார் கையில்?

ஒருவர் தம் கைப்பேசியில் எந்தச் செயலியை வைத்திருக்கிறார் என்ற ஒரு தகவலே அவரது அந்தரங்கத்தைச் சொல்லிவிடுமா? சொல்லிவிடும் என்று முடிவு செய்திருக்கிறது நார்வே. 'கிரைண்டர்' என்ற செயலியை நடத்தும் அமெரிக்க நிறுவனத்துக்கு அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் 6 கோடியே 50 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. அன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய 3 கோடி ரிங்கிட். நிறுவனம் எதிர்த்து வழக்காடியது. 2024 ஜூலையில் ஓஸ்லோ மாவட்ட நீதிமன்றம் அபராதம் சரியே என்றது.

தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்ட ஆண்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கான செயலி இது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதைப் பயன்படுத்துவோர் உண்டு. தமிழ் இளைஞர்களும் அதற்கு விலக்கல்ல. ஓஸ்லோவில் எழுந்த கேள்வி இங்கும் பொருந்துகிறது: அந்த இரகசியம் வெளியே போனால் யார் பொறுப்பு?

தூரத்தைக் காட்டும் கட்டங்கள்

2009 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஜோயல் சிம்காய் என்பவர் இந்தச் செயலியைத் தொடங்கினார். ஐபோனில் இருந்த ஜிபிஎஸ் வசதியே இதன் அடித்தளம். செயலியைத் திறந்தால் படங்கள் கட்டம் கட்டமாக வரும். மிக அருகில் இருப்பவர் முதலிலும் தொலைவில் இருப்பவர் பின்னாலும் இருப்பார்கள்.

இது ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. தோட்டத்தில் வளர்ந்த ஓர் இளைஞனுக்குச் சுற்றியுள்ள அனைவரும் அண்ணன், மாமா, சித்தப்பா உறவு. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் "எப்போது பெண் பார்க்கலாம்?" என்ற கேள்வி வரும். உண்மையைச் சொல்ல ஓர் ஆள் கிடைப்பது அரிது. தன்னைப் போல் இன்னொருவன் இருக்கிறான் என்பதைப் பலருக்கு முதலில் காட்டியது கைப்பேசித் திரைதான்.

ஆனால், அந்தத் தூரக் கணக்கே ஆபத்தாகவும் மாறியது. வெவ்வேறு மூன்று இடங்களில் இருந்து ஒருவரின் தூரத்தை அளந்தால், அவர் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2014-இல் ஆய்வாளர்கள் காட்டினர். அதன்பின் எகிப்து, ரஷ்யா, சவூதி அரேபியா போன்ற நாடுகளில் தூரத்தைக் காட்டுவதை நிறுவனம் நிறுத்தியது. அடுக்குமாடி நிறைந்த நகரில் 500 மீட்டர் வட்டத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். தோட்டத்தை ஒட்டிய சிறு பட்டணத்தில் அதே 500 மீட்டர் ஒருவரின் வீட்டு வாசலையே காட்டிக்கொடுத்துவிடும்.

கைமாறிய தகவல்கள்

2018 மார்ச்சில் இந்த நிறுவனம் ஒரு நல்ல திட்டத்தை அறிவித்தது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுமாறு பயனர்களுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை நினைவூட்டும் வசதி அது. அடுத்த சில நாள்களிலேயே வேறொரு செய்தி வெளிவந்தது. பயனர்கள் தாங்களே பதிவு செய்திருந்த எச்.ஐ.வி. நிலை, செயலியை மேம்படுத்த உதவும் வேறு இரண்டு நிறுவனங்களுக்கும் போய்க்கொண்டிருந்ததை நார்வேயின் 'சின்டெஃப்' ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பகிர்வு நிறுத்தப்பட்டது.

2020 ஜனவரியில் நார்வே பயனீட்டாளர் மன்றம் புகார் கொடுத்தது. இடம், வயது, பாலினம் ஆகியவை விளம்பர நிறுவனங்களுக்குத் தரப்பட்டன. பயனரிடம் முறையான சம்மதம் பெறப்படவில்லை என்பதே புகார். அபராதம் வந்தது இந்த வழக்கில்தான். ஒருவர் இந்தச் செயலியின் பயனர் என்பதே அவரது பாலீர்ப்பைப் பற்றிய தகவல்; ஆகவே அதற்குச் சிறப்புப் பாதுகாப்பு தேவை என்று ஆணையம் முடிவு செய்தது.

விளம்பரச் சந்தைக்குப் போன தகவல் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2021 ஜூலையில் அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. விலைக்குக் கிடைக்கும் தரவை வைத்து ஒரு மூத்த கத்தோலிக்கக் குருவின் கைப்பேசி நடமாட்டத்தைத் தொடர்ந்ததாக ஒரு செய்தித்தளம் எழுதியது. அவர் பதவி விலகினார். இதற்குத் திருடர்கள் யாரும் கணினிக்குள் புகத் தேவைப்படவில்லை. பணம் கொடுத்து வாங்கிய தகவலே போதுமானதாக இருந்தது.

நிறுவனமும் கைமாறியது. 2016-இல் சீனாவின் 'குன்லுன்' நிறுவனம் 60 விழுக்காட்டுப் பங்கை 9 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2018-இல் மீதியையும் வாங்கியது. தன் குடிமக்களின் அந்தரங்கம் வெளிநாட்டின் கைக்குப் போகும் என்று கருதிய அமெரிக்க அரசாங்கம், நிறுவனத்தை விற்கச் சொன்னது. 2020-இல் அது சுமார் 60 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. ஒரு வல்லரசே இதைத் தேசியப் பாதுகாப்புப் பிரச்சினையாகக் கருதியது என்றால், அந்தத் தகவல்களின் கனத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

மலேசியச் சட்டத்தின் இடைவெளி

மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. உடல், மன நலம், அரசியல் கருத்து, சமய நம்பிக்கை, செய்த அல்லது செய்ததாகக் கூறப்படும் குற்றம் ஆகியவற்றை அது முக்கியத் தகவல்களாகப் பட்டியலிடுகிறது. 2024-ஆம் ஆண்டுத் திருத்தம் கைரேகை போன்ற உடல் அடையாளத் தரவையும் அதில் சேர்த்தது. பாலீர்ப்பு அந்தப் பட்டியலில் இல்லை. மேலும், முழுக்க வெளிநாட்டில் கையாளப்படும் தரவுக்கு இந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. நார்வே ஓர் அமெரிக்க நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றியது போல இங்கே செய்வது எளிதல்ல.

அதே நேரத்தில், தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் ஆண்களுக்கிடையிலான உடலுறவுக்கு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க இடம் தருகின்றன. ஆக, ஓர் இளைஞனின் இரகசியத்தைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. அந்த இரகசியத்தை விற்பவனைத் தண்டிக்கும் சட்டத்தில் அதன் பெயர்கூட இல்லை.

சிங்கப்பூரில் நிலை வேறு. அங்கே 377ஏ பிரிவை நீக்கும் மசோதா 2022 நவம்பர் 29-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனாலும் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பாலீர்ப்பைத் தனி வகையாகப் பிரித்துப் பாதுகாக்கவில்லை.

மௌனத்தில் வளரும் மிரட்டல்

இந்த இடைவெளியில் நுழைபவர்கள் மிரட்டல்காரர்கள். நட்பாகப் பேசிப் படங்களை வாங்கிக்கொண்டு, "வீட்டுக்கு அனுப்பவா, வேலை இடத்துக்கு அனுப்பவா?" என்று பணம் கேட்பது இவர்களின் வழக்கம். இந்தியாவின் பல நகரங்களில் இப்படி ஆட்களை வரவழைத்துப் பணம் பறித்த கும்பல்களைப் போலீசார் கைது செய்துள்ளனர். 2018-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பைக் குற்றப்பட்டியலிலிருந்து விலக்கிய பின்பும் இது நின்றபாடில்லை. காரணம், மிரட்டுபவன் நம்பியிருப்பது சட்டத்தை மட்டுமல்ல. குடும்பத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தையும்தான்.

சட்டம் மாறாத மலேசியாவில் அந்தப் பயம் இரட்டிப்பாகிறது. மிரட்டிப் பணம் பறிப்பது தண்டனைச் சட்டத்தின்படி குற்றம். ஆனால், போலீசில் புகார் கொடுக்கப் போனால் தானே மாட்டிக்கொள்வோமோ என்று பாதிக்கப்பட்டவர் தயங்குகிறார். எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் போவதற்கும் அதே தயக்கம்தான் தடை.

இது எல்லாருடைய கைப்பேசியும்தான்

இதை ஒரு சிலரின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. தொழுகை நேரத்தைக் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலி சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டது. அதன் பயனர்களின் இடத் தரவு ஒரு தரவு வணிக நிறுவனத்துக்குப் போனதாகவும், அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்கள் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் என்றும் 2020 நவம்பரில் செய்தி வந்தது. செயலி நிறுவனம் அந்தத் தொடர்பை உடனே துண்டித்தது. வழிபாட்டுச் செயலியானாலும் நட்புச் செயலியானாலும் தரவுச் சந்தைக்கு வேறுபாடு தெரியாது.

பயன்படுத்துபவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. தூரத்தைக் காட்டும் வசதியை அணைத்துவிடலாம். இட அனுமதியைச் செயலி திறந்திருக்கும்போது மட்டும் தரலாம். முகமும் வேலையிடமும் தெரியும் படங்களைத் தவிர்க்கலாம். மிரட்டல் வந்தால் பணம் கொடுக்கக் கூடாது. ஒருமுறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பார்கள். உரையாடல்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரிடமும் வழக்கறிஞரிடமும் முதலில் பேசுவது நல்லது.

பெரிய வேலை அரசாங்கத்துடையது. பாலீர்ப்பைப் பற்றி ஒருவர் என்ன கருத்து வைத்திருந்தாலும், அடுத்தவரின் அந்தரங்கத்தை விற்கக் கூடாது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. முக்கியத் தகவல்களின் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்ப்பதும், வெளிநாட்டு நிறுவனங்களையும் அதற்குக் கட்டுப்படுத்துவதும் நாடாளுமன்றத்தால் ஆகக்கூடியவையே.

அதற்குள் வீடுகளில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மிரட்டுபவனின் முதலீடு, மகன் வீட்டில் வாய் திறக்க மாட்டான் என்ற நம்பிக்கை. "எதுவானாலும் எங்களிடம் சொல், பார்த்துக்கொள்ளலாம்" என்று அப்பாவும் அம்மாவும் சொல்லியிருக்கும் வீட்டில் அந்த முதலீடு செல்லாது.