லாரி டயரை தட்டிப் பார்த்தால் போதுமா? கண்ணுக்கு தெரியாமல் குறையும் காற்றால் ஆபத்து!

நாமக்கல்:

லாரியை எடுக்கும் முன்பு ஒரு கட்டையால் டயரை 'டொப் டொப்' என்று தட்டிப் பார்ப்பது நம்ம ஊர் டிரைவர்களின் பழக்கம். சத்தம் நல்லா கேட்டால் "காத்து இருக்கு" என்று கிளம்பி விடுகிறார்கள். ஆனால் இந்த தட்டு பல நேரம் ஆளை ஏமாற்றி விடுகிறது.

முழுசாக காற்று இறங்கிய டயரைத்தான் தட்டி கண்டுபிடிக்க முடியும். 110 பவுண்டு இருக்க வேண்டிய டயரில் 85 பவுண்டு இருந்தால் காதுக்கு தெரியாது. 5-ல் ஒரு பங்கு காற்று குறைந்தாலே அதை பஞ்சர் டயராகத்தான் பார்க்க வேண்டும் என்பது டயர் தொழிலில் உள்ள கணக்கு.

வெடிப்பது ஏன்?

காற்று குறைந்த டயரின் பக்கவாட்டு சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிரும். அதில் சூடு ஏறும். லோடும், வேகமும், கோடை வெயிலும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் கம்பியும் ரப்பரும் விட்டுப் போகும். அப்புறம் 'டமார்'தான்.

பின்பக்க ஜோடி டயரில் உள் டயர் இறங்கினால் வெளியே தெரியவே தெரியாது. இரண்டு டயர் பாரத்தையும் பக்கத்து டயர் ஒன்றே சுமக்கும். கடைசியில் இரண்டும் போய்விடும். முன் டயர் வெடித்தால் இன்னும் மோசம். ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுத்து விடும். பிய்ந்து விழுந்த டயர் பட்டை ரோட்டில் கிடந்தால், ராத்திரி பைக்கில் வருபவர் கதி என்ன?

பஞ்சர் கடைக்காரருக்கும் ஆபத்து உண்டு. காற்று இல்லாமல் வெகுதூரம் ஓடிய டயரில் மறுபடி காற்று ஏற்றும்போது, பக்கவாட்டில் கிழிந்து வெடிக்கலாம். இரும்பு கூண்டுக்குள் வைத்து ஏற்றுவதுதான் பாதுகாப்பு.

எப்.சி. மட்டும் போதாது

2018-ல் மத்திய அரசு லாரிகளின் பாரத்தை உயர்த்தியது. 16.2 டன் என்று இருந்த 6 சக்கர லாரிக்கு 18.5 டன் ஆனது. பாரம் ஏறினால் டயர் மேல் கவனமும் ஏற வேண்டும். டயர் பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்கு கீழே போகக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் எப்.சி. என்பது 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடம் ஒருமுறை. டயரில் காற்று தினமும் மாறுகிறது. அன்று மட்டும் நல்ல டயர் மாட்டிக் காட்டி என்ன பிரயோஜனம்?

ஒவ்வொரு டயரின் காற்றையும் சூட்டையும் டிரைவர் சீட்டிலேயே காட்டும் கருவி வந்துவிட்டது. ஐரோப்பிய நாடுகளில் 2024 ஜூலை முதல் புதிய லாரிகளுக்கு இது கட்டாயம். இங்கே அந்த கருவி இல்லாத லாரிகள்தான் அதிகம்.

முன்பு இந்த வேலையை கிளீனர் பார்த்தார். இப்போது பல லாரிகளில் டிரைவர் மட்டும்தான். ஓட்டுவது, லோடு பார்ப்பது, டயர் பார்ப்பது எல்லாம் அவர் தலையில். மொட்டை டயரை மாற்ற சொல்லும் அதிகாரம் மட்டும் அவர் கையில் இல்லை.

காற்று அளக்கும் கேஜ் சில நூறு ரூபாய்தான். வண்டிக்கு ஒன்று வாங்கிக் கொடுப்பது ஓனர் கடமை. காலையில் கிளம்பும் முன்பு, டயர் சூடாகும் முன்பு, ஸ்டெப்னி உட்பட எல்லா டயரையும் அளக்க வேண்டும். ஓடிய சூட்டில் காற்று கூடுதலாக காட்டும். அதைப் பார்த்து இறக்கி விடக்கூடாது.

டயர் சரியில்லை என்று டிரைவர் சொன்னால், அந்த ட்ரிப்பை ஓனர் நிறுத்த வேண்டும். டிரைவர் வீட்டுக்கு பத்திரமாக திரும்புவது அதில்தான் இருக்கிறது.