இழவு சொன்னவர்களின் சாவை எழுதி வைப்பது யார்?

ஊரில் யார் செத்தாலும் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் நடந்துபோய் இழவு சொல்ல வேண்டும். பறை அடிக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும், பிணம் எரிக்க வேண்டும். இவையெல்லாம் சாதி இந்துக்கள் சேரியின் தலையில் சுமத்திய வேலைகள். தலைமுறை தலைமுறையாக ஊராரின் சாவுச் செய்தியைச் சுமந்து திரிந்த அந்தச் சேரியில் ஒருவர் செத்தால், அதை எழுதி வைத்தது யார்?

பிறப்பு, இறப்புப் பதிவேடு கிராம முன்சீப்பின் கையில் இருந்தது. அந்தப் பதவியோ பெரும்பாலும் ஆதிக்கச் சாதிக் குடும்பங்களில் அப்பனிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1980இல் முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பதிவேடு கை மாறியது. ஆனால், சேரியின் சாவு பதிவேட்டில் ஏறுவது இன்றும் தானாக நடந்துவிடுவதில்லை. இறப்புச் சான்றிதழ் தேடி அலையும் குடும்பங்களோடு அலுவலக வாசல்களில் நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்: நம் மக்களுக்கு இறப்புச் சான்றிதழ் வெறும் காகிதமல்ல, நீதி கேட்பதற்கான முதல் ஆவணம்.

மலக்குழி மரணங்களையே எடுத்துக்கொள்வோம். 1993ஆம் ஆண்டு முதல் பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்தையும் கண்டறிந்து 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கு அது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அந்தத் தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. தீர்ப்பின் சொற்களைக் கவனியுங்கள். குடும்பங்களைக் கண்டறிய வேண்டியது அரசு. நடப்பதோ தலைகீழ். 'உன் புருஷன் செத்ததற்கு ஆதாரம் கொண்டு வா' என்று, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம் கேட்கிறார்கள்.

அந்தப் பெண் எங்கே போவார்? சொந்த ஊரின் கிராம நிர்வாக அலுவலரிடம்தான் போவார். அவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு 'இங்கே இல்லை' என்பார். இருக்காதுதான். ஏனென்றால், இறப்பு பதிவாவது சாவு நிகழ்ந்த இடத்தில். வாழ்ந்த இடத்திலோ புதைத்த இடத்திலோ அல்ல. பிழைக்கப் போன நகரத்தில் தொட்டிக்குள் இறங்கிச் செத்தவரின் உடல் மட்டும்தான் ஊருக்கு வரும். பதிவு அந்த நகராட்சியிலேயே கிடக்கும். இந்த ஒரு விவரத்தை யாரும் சொல்லாததால் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

அங்கே போனாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. மருத்துவமனையில் பெயர் சொன்னவர் ஒப்பந்தக்காரராக இருப்பார், அல்லது கூட வேலை செய்தவராக இருப்பார். குடும்ப அட்டையில் ஒரு பெயர், சேர்க்கைச் சீட்டில் கூப்பிடும் பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்து வேறு. ஓர் எழுத்து மாறினாலும் மனு திரும்பி வரும்.

சான்றிதழ் கையில் கிடைத்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். அதில் பெயர் இருக்கும், தேதி இருக்கும், இடம் இருக்கும். எப்படிச் செத்தார் என்பது மட்டும் இருக்காது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பதிவேட்டிலிருந்து தரும் நகலில் இறப்பின் காரணத்தை வெளியிடக் கூடாது என்கிறது. நோயை வெளியில் சொல்ல விரும்பாத குடும்பத்துக்கு அது பாதுகாப்பாக இருக்கலாம். ஆனால், நச்சுவாயு தாக்கிச் செத்தவருக்கும், சாதிவெறியால் வெட்டிக் கொல்லப்பட்டவருக்கும், முதுமையில் படுக்கையில் கண் மூடியவருக்கும் அரசு தரும் காகிதம் ஒன்றுதான். கொலைக்கும் இயற்கைச் சாவுக்கும் அந்தக் காகிதத்தில் வேறுபாடே கிடையாது.

எனவே, இறப்புச் சான்றிதழை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். உடற்கூறாய்வு அறிக்கையை விடாமல் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவமனையில் இறந்தால், இறப்பின் காரணம் குறித்த மருத்துவச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்று 2023இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். இறப்பு அறிக்கைப் படிவத்தில் 'தொழில்' என்றொரு கட்டம் இருக்கிறது. துப்புரவு வேலை செய்தவரை அதில் 'கூலி' என்று எழுதவிட்டால், அந்தச் சாவிலிருந்து மலக்குழியே மறைந்துவிடும்.

பதிவுக்கு வருவோம். 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை, சான்றிதழும் இலவசம். 30 நாட்கள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஓராண்டு வரை உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை வேண்டும். சாவு விழுந்த வீட்டில் முதல் 21 நாட்கள் எப்படிப் போகும் என்பது நமக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடன் வாங்கவே நேரம் போதாது. அந்த நேரத்தில் படிவத்தை நிரப்பிக்கொண்டு போக வேண்டியவர் பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளைதான்.

பழைய சாவுகளைத் தேடுவோர் கவனத்துக்கு: நகராட்சி, மாநகராட்சி என்றால் அதன் சுகாதாரப் பிரிவு. கிராமம் என்றால் அண்மைக் காலத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர். பழைய பதிவேடுகளுக்கு வட்டாட்சியர் அலுவலகமும் சார்பதிவாளர் அலுவலகமும். சரியான தேதி தெரியாவிட்டாலும் ஆண்டைச் சொல்லித் தேடச் சொல்லலாம். உரிய கட்டணம் கட்டிப் பதிவேட்டைத் தேடச் சொல்லும் உரிமை எவருக்கும் உண்டு. கிடைக்கவில்லை என்று வாயால் சொன்னால் திரும்பிவிடாதீர்கள். பதிவு இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். கோட்டாட்சியரிடம் போக அந்தக் காகிதம்தான் வழி.

அங்கே ஆதாரம் கேட்பார்கள். நகரத்து மயானத்தில் ரசீது தருகிறார்கள். சேரிக்கென்று ஓடைக்கரையில் ஒதுக்கப்பட்ட சுடுகாட்டில் யார் ரசீது தருவது? பாதையே இல்லாத சுடுகாட்டில் பதிவேடு எங்கிருந்து வரும்? செய்தித்தாளின் இரங்கல் விளம்பரமும் நமக்கில்லை. நிலமும் பதவியும் உள்ள வீட்டுச் சாவுகள் அரைப்பக்கத்துக்கு வருகின்றன, சாதிப் பட்டத்தோடு, பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊர்களின் பட்டியலோடு. நம்முடைய இரங்கல் செய்தி தெருமுனையில் ஒட்டிய 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டிதான். அடுத்த மழையில் கரைந்துவிடும். அதைப் படம் எடுத்து வையுங்கள். காரியப் பத்திரிகையில் ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். பெயரும் தேதியும் அச்சில் உள்ள எதுவும் நாளை சாட்சிகளின் சொல்லுக்குத் துணை நிற்கும்.

உடலையே அழித்துவிடும் கொலைகளை நினைத்துப் பாருங்கள். 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே கண்ணகியும் முருகேசனும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 2021 வரை ஆனது. உடல் எரிந்து சாம்பலான பிறகு, இத்தனை ஆண்டுகள் வழக்கைத் தாங்கிப் பிடிப்பவை சாட்சிகளும் காகிதங்களும்தான். ஒரு பெண்ணை 'வயிற்றுவலி' என்று சொல்லி இரவோடு இரவாக எரிக்கும் ஊரில், இறப்புப் பதிவேட்டைப் போய்ப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே எரிப்பவர்களுக்குக் கொஞ்சம் அச்சம் வரும்.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. மலக்குழி மரணங்களிலும் வன்கொடுமைக் கொலைகளிலும் இறப்புச் சான்றிதழை மாவட்ட நிர்வாகமே குடும்பத்தின் வீட்டுக்குக் கொண்டுவந்து தர வேண்டும். 1993 முதல் நடந்த மலக்குழி மரணங்களுக்கு மருத்துவமனை, காவல் நிலைய, நகராட்சிப் பதிவேடுகளை அரசே தேட வேண்டும். எல்லாச் சுடுகாடுகளுக்கும், சேரிச் சுடுகாட்டுக்கும் சேர்த்து, உள்ளாட்சி பதிவேடு வைக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இயக்கத் தோழர்கள் கிளைதோறும் ஒரு நோட்டுப் புத்தகம் போடலாம். பெயர், அப்பா அம்மா பெயர், வயது, செய்த வேலை, செத்த தேதி, இடம், காரணம், பதிவு எண். இவ்வளவுதான். படிப்பகத்தில் அம்பேத்கர் படத்துக்குக் கீழே அந்த நோட்டு இருக்கட்டும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று எரிக்கப்பட்ட 44 பேரை எண்ணிக்கையாக மட்டுமல்லாமல் பெயர் பெயராக நினைவுகூர முடிகிறது என்றால், யாரோ உட்கார்ந்து அந்தப் பெயர்களை எழுதியதால்தான்.

உங்கள் தெருவில் இந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களிலிருந்து தொடங்குங்கள். யாருக்குச் சான்றிதழ் இல்லை என்று அந்த வாரமே தெரிந்துவிடும்.