கொன்னை என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'ஸ்டட்' என்றொரு பழஞ்சொல் இருந்தது. திக்கிப் பேசுதல் என்பது அதன் பொருள். அஃது ஓர் ஈறு பெற்று 'ஸ்டட்டர்' ஆயிற்று. ஈறு பெற்ற சொல் நிலைத்தது, மூலச்சொல்லோ வழக்கொழிந்தது.

நம் தமிழிலும் இப்பொருட்குச் சொற்கள் பல உள. திக்குதல் என்பது ஓரிடத்தே முட்டி நிற்றல். தெற்றுதல் என்பது இடறுதல். கொன்னுதல் என்பது சொல் உருத்தெளியாது குழறுதல். ஹென்றி பவர் ஐயர் தலைமையில் அமைந்த குழுவினர் செய்து, 1871இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பில் இம்மூன்றும் இடம் பெற்றுள்ளன. மோசே தம்மைத் திக்குவாய் உள்ளவன் என்கிறார். ஏசாயா தெற்றுவாயரைப் பேசுகிறார். மாற்கு கொன்னைவாயுடைய ஒருவனைக் காட்டுகிறார். இவற்றுள் 'கொன்னை' இன்று ஏட்டு வழக்கில் அருகிவிட்டது. ஆயின் எங்கள் காரைக்குடிப் பக்கத்தே அது சாகவில்லை. வசைச்சொல்லாய் உயிர் வாழ்கின்றது.

எமது ஊர் பேச்சை மதிக்கும் ஊர். 1939இல் சா. கணேசனார் அங்கே கம்பன் கழகம் கண்டார். பங்குனித் திங்களில் கம்பன் திருநாள் கேட்டு வளர்ந்த சிறுவர்க்கு மேடையேறுதலே பெருங்கனவு. அத்தகைய ஊரிலே, பள்ளியில் எம்மோடு பயின்ற நண்பர் ஒருவர்க்குப் பேச்சு திக்கும். வகுப்பு முழுதும் சேர்ந்து செய்யுள் ஓதுங்கால் அவர் நா ஓரிடத்தும் இடறாது. தனியே எழுந்து தம் பெயரைச் சொல்லும்போதோ முதலெழுத்திலேயே நின்றுவிடும். 'கொன்னவாயன்' என்று அவரை அழைத்தார்கள்; யாமும் அழைத்தோம். ஓராண்டு பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்த அவர், மறுநாளே அதனை அடித்துவிட்டார். அக்கோடு எம் நெஞ்சினின்றும் இன்னும் அழியவில்லை.

திக்குதல் அறிவின் குறையன்று, அச்சத்தின் பயனுமன்று. மரபும், பேச்சை இயக்கும் மூளையின் அமைப்பும் அதற்குக் காரணமாதலை ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். வளர்ந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்க்கு இஃது உண்டு. எனின், நம் கல்லூரியிலும் இத்தகையோர் பலர் இருத்தல் வேண்டும். அவர்கள் குரலை நாம் மேடையில் கேட்டதுண்டோ?

'கொன்னை' என்னும் சொல்லை அகராதியினின்று நீக்குக என்று யாம் கூறவில்லை. சொல் குற்றமற்றது, ஒரு செயலின் பெயரை ஆளின் பெயராக்கியதே குற்றம். மாற்கு சுவிசேஷத்தின் தமிழை நோக்குக. கொன்னைவாயன் என்னாது, கொன்னைவாயுடைய என்கிறது. உடைமை வேறு, உடையான் வேறு என்பதை இலக்கணம் பயிலும் நமக்கு எவரும் உரைக்க வேண்டுவதில்லை. மேலும், ஆண்டவர் அம்மனிதனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துப் போனார் என்றும் அங்கே காண்கிறோம். ஊரார் வேடிக்கை பார்க்க அவனை நிறுத்தவில்லை.

நாம் செய்யத்தக்கன சிலவே. ஒருவர் திக்குங்கால் அவர் சொல்லை நாம் பிடுங்கி முடித்தல் வேண்டா. 'மெதுவாய்ப் பேசு' என்று அறிவுரை கூறலும் வேண்டா. அவர் முகம் நோக்கிக் காத்திருத்தலே போதும். நம் இலக்கிய மன்றத்தார் சொற்போரில் ஐந்து நிமிடத்தில் மணி அடிக்கின்றனர். திக்கிப் பேசுவார்க்கு இன்னும் மூன்று நிமிடம் அளித்தால் மன்றத்துக்கு என்ன குறை வந்துவிடும்?

குழந்தை குழறினால் மழலை என்று கொஞ்சுகிறோம். அதனைக் குழலினும் யாழினும் மேலாகப் போற்றினார் வள்ளுவர். அக்குழந்தைக்கு அளிக்கும் பொறுமையிற் பாதியேனும் உடன் பயிலும் தோழர்க்கு அளிப்போமாக. அன்று பெயரை அடித்த நண்பர்க்கு யாம் செலுத்த வேண்டிய கடனும் அதுவே.