48 மாத வாரண்டி, ஓடாத காருக்கு உதவுமா?

கார் பேட்டரி வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி விலை. இரண்டாவது கேள்வி, "வாரண்டி எவ்வளவு?" கடைக்காரர் யோசிக்காமல் "48 மாசம் சார்" என்பார். வாங்குபவரும் நாலு வருஷத்துக்குக் கவலை இல்லை என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொள்வார். இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதல் ஓட்டை எல்லோருக்கும் பொது. இரண்டாவது, காரை எப்போதாவது மட்டும் வெளியே எடுப்பவர்களுக்கென்றே இருக்கிறது.

முதலில் அந்த 48-ஐப் பிரித்துப் பார்க்கலாம்.

இந்தியாவில் விற்கும் கார் பேட்டரிகள் பலவற்றின் வாரண்டி கார்டில் ஒரே எண் இருக்காது. 18+18, 24+24, 30+30 என்று கூட்டல் கணக்காக இருக்கும். முதல் எண் இலவசமாக மாற்றித் தரும் காலம். இரண்டாவது எண் 'ப்ரோ ரேட்டா' காலம். அதாவது பேட்டரி எத்தனை மாதம் உழைத்ததோ அதற்குத் தகுந்தபடி, புது பேட்டரியின் விலையில் ஒரு சதவீதம் தள்ளுபடி. மாதம் ஏற ஏறத் தள்ளுபடி இறங்கும். ஆக, 48 மாத வாரண்டி என்பது 24 மாத வாரண்டியும், பிறகு ஒரு தள்ளுபடிக் கூப்பனும்தான்.

அந்தக் கூப்பனுக்கு மதிப்பு எவ்வளவு? தள்ளுபடி பெரும்பாலும் எம்.ஆர்.பி. மீது கணக்கிடப்படுகிறது. ஆனால் பேட்டரியை எம்.ஆர்.பி.க்கு வாங்குபவர் யார்? கடையில் எப்போதுமே விலை குறைத்துத்தான் தருவார்கள். பழைய பேட்டரியைக் கொடுத்தால் அதற்கும் ஒரு தொகை கழியும். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு நல்ல விலை உண்டு.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு. எம்.ஆர்.பி. 6,000 ரூபாய். 24+24 வாரண்டி உள்ள பேட்டரி 40-வது மாதம் செத்துப் போகிறது. கார்டின்படி 25 சதவீதம் தள்ளுபடி என்று வைத்துக்கொண்டால், கட்ட வேண்டியது 4,500 ரூபாய். பழைய பேட்டரி கம்பெனிக்குப் போய்விடும், அதற்குக் காசு கிடையாது. இப்போது வாரண்டி கார்டைக் காட்டாமல் அதே கடையில் அதே பேட்டரியை வாங்கினால்? கடைக்காரர் 15 சதவீதம் குறைக்கிறார், 5,100. பழைய பேட்டரிக்கு 800 கழிக்கிறார். கட்ட வேண்டியது 4,300. வாரண்டியைப் பயன்படுத்தியவருக்கு 200 ரூபாய் நஷ்டம்!

எண்கள் கடைக்குக் கடை, மாடலுக்கு மாடல் மாறும். 30-வது மாதத்தில் 40 சதவீதம் தள்ளுபடி என்றால் கட்ட வேண்டியது 3,600தான், கார்டுக்கு லாபம். எனவே ப்ரோ ரேட்டா முழு ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கடைசி மாதங்களில் அது வெறும் காகிதமாகிவிடலாம். இரண்டு விலையையும் கேட்டுப் பார்க்காமல் கார்டை நீட்டக் கூடாது.

இன்னொன்று. இலவச காலத்தில் மாற்றித் தரும் பேட்டரிக்குப் புதிதாக 48 மாதம் தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான நிபந்தனை அப்படி இல்லை. முதல் பேட்டரி வாங்கிய தேதியிலிருந்து மீதி இருக்கும் காலம்தான் மாற்று பேட்டரிக்கு.

இனி இரண்டாவது ஓட்டை. வாரண்டி ஓடுவது காலண்டரில், கிலோமீட்டரில் அல்ல. கார் ஷெட்டில் நின்றாலும் மாதம் கழிந்துகொண்டே இருக்கும். போகட்டும், ஓடாத காரின் பேட்டரி தேயாதே, அதிக நாள் வருமே என்று தோன்றலாம். லெட் ஆசிட் பேட்டரியில் நடப்பது நேர்மாறு.

காரைப் பூட்டிச் சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் ஹவர். சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் 25 நாளில் 18 போய்விடும். அதாவது பாதி காலி! இது தவிர பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சென்னை, வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சார்ஜ் குறைந்த நிலையில் பேட்டரி வாரக்கணக்கில் நின்றால் உள்ளே தகடுகளில் ஈய சல்பேட் படிகங்களாக இறுகிவிடும். இதற்கு சல்பேஷன் என்று பெயர். முற்றிவிட்டால் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய சக்தி திரும்பாது. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கி வாரக்கணக்கில் கார்கள் நின்றபோது பலர் இதை நேரிலேயே கற்றுக்கொண்டார்கள்.

இப்போது வாரண்டி கார்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்துக்களைப் படிக்க வேண்டும். வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டுமே. சார்ஜ் இறங்கிப் போனது, கவனிக்காமல் விட்டது எல்லாம் தயாரிப்புக் குறையில் சேராது. டாக்ஸிக்கு ஓட்டினால் வாரண்டி காலத்தைக் குறைக்கும் நிபந்தனையும் பல கார்டுகளில் உண்டு. அதிகமாக ஓட்டினாலும் குறைவு, ஓட்டாமலே விட்டாலும் இல்லை!

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்று மாதம் பூட்டி வைத்துப் பேட்டரியைச் சாகவிட்டவருக்குப் புதிது கொடுத்தால், அந்தச் செலவு ஒழுங்காகப் பராமரிப்பவர் தலையில்தான் விழும். கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது தெரியும். AS 29 கணக்குத் தரத்தின்படி வாரண்டிக்கு வரக்கூடிய செலவை முன் அனுபவத்தை வைத்து மதிப்பிட்டு, விற்பனை நடந்த ஆண்டிலேயே ஒதுக்கீடு செய்கிறார்கள். வாரண்டி இனாம் அல்ல, அதன் விலை பேட்டரி விலைக்குள்ளேயே இருக்கிறது. ஆக, நிபந்தனை வைப்பது தவறில்லை. விற்கும்போது அதை வாயால் சொல்லாமல் "48 மாசம்" என்று மட்டும் சொல்வதுதான் தவறு.

இதில் அதிகம் அடிபடுவது யார்? ரிட்டயர் ஆன தம்பதிகள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் எடுக்கும் கார். அந்த கார் ராத்திரி 2 மணிக்கு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் வாரண்டி கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர்களுக்கு உண்மையான வாரண்டி சார்ஜ் இறங்காத பேட்டரிதான். அதற்குச் செய்ய வேண்டியவை சுலபமானவை.

1. பேட்டரியின் மேல் உள்ள தயாரிப்பு மாதத்தைக் கடைக்காரரிடம் படித்துக் காட்டச் சொல்லி வாங்குவது. கடையில் பல மாதம் சும்மா கிடந்த பேட்டரியும் ஓடாத காரின் பேட்டரி மாதிரிதான்.

2. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுவது. நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு அணைத்தால் ஒரு வாரம் இழந்தது திரும்பாது.

3. மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால், முழு சார்ஜ் செய்துவிட்டு நெகட்டிவ் வயரைக் கழற்றி வைப்பது. சில கார்களில் கடிகாரம், மியூசிக் சிஸ்டம் கோடு போன்றவை அழியும் என்பதால் காரின் கையேட்டை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. ஒரு சாதாரண மல்டிமீட்டர் வைத்து மாதம் ஒருமுறை பார்ப்பது. கார் சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். சார்ஜ் போடும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், நெருப்பு கூடாது. ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

கழற்றிய பேட்டரியை சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று இன்னும் சொல்கிறார்கள். அது பழைய ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு. இன்றைய பாலிப்ரோப்பிலீன் பெட்டிக்கு அந்தப் பயம் வேண்டாம். வெயில் படாத, சூடில்லாத இடமாக இருந்தால் போதும்.

இவ்வளவும் செய்து, இலவச காலத்துக்குள்ளேயே பேட்டரி போய்விட்டால் அப்போது கார்டை விடக் கூடாது. பில் கையில் இருக்க வேண்டும். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. 'சார்ஜ் இறங்கியது, குறை இல்லை' என்று சொன்னால், சோதித்த அறிக்கையை எழுத்தில் கேட்கலாம். சரிவரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை உள்ள வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

பேட்டரி கம்பெனிகள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "24 மாதம் இலவசம், பிறகு தள்ளுபடி மட்டும்" என்று போடட்டும். பக்கத்திலேயே "காரை நிறுத்தி வைத்தால் மாதம் ஒருமுறை சார்ஜ் பாருங்கள்" என்று இன்னொரு வரி. இரண்டு வரி அச்சடிக்க ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. 48 என்று பெரிதாகப் போட இடம் இருக்கும்போது இதற்கு இடம் இல்லாமலா போகும்?